உப்புப் பூத்த முற்றம்

பக்கிரிக் கொத்தனார் நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு கூடை மணலையும் வண்டியிலிருந்து இறக்க விடமாட்டார். வண்டி வந்து நின்றதும் மேல்மணலைத் தள்ளிவிட்டு, முழங்கை வரை கையை உள்ளே நுழைத்து, அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுப்பார். நாக்கு நுனியில் வைத்துச் சற்று நேரம் அசையாமல் நிற்பார். பிறகு துப்புவார். வில்லியனூர் ஆற்று மணலில் மண்ருசி மட்டும்தான் இருக்கும். அதில் ஒரு கூடை கடல்மணல் கலந்திருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அப்படி அவர் திருப்பி அனுப்பிய வண்டிகள் பல. முத்தியால்பேட்டை வண்டிக்காரர்கள் அவருக்கு 'நக்கிப் பக்கிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயர் தன் காதில் விழுந்ததை அவர் காட்டிக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும் ஒரு வண்டிக்காரனிடம், "நான் நக்கின மணல்ல போட்ட தரை நிக்குது. நக்காதவன் போட்டத போய்ப் பாரு" என்றார்.

சந்தேகம் மணலோடு நின்றுவிடவில்லை. சிமெண்டு மூட்டையின் தையலைப் பார்ப்பார். ஒரே நூலா, நடுவில் பிரித்துத் தைத்த நூலா என்று விரலால் தடவித் தெரிந்துகொள்வார். தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். மாலையில் வேலை முடிந்ததும் மணல் குவியலைச் சமன்செய்து, களத்து நெல்லுக்குக் குறி போடுவதுபோல அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைக் கோடாகத் தெளித்துவிட்டுப் போவார். காலையில் வந்ததும் அந்தக் கோடு கலைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தலையில் துண்டைக் கட்டுவார்.

இது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் அல்ல. இருபத்து மூன்று வயதில் ஒரு பெரிய வீட்டு மொட்டைமாடித் தளத்தில் சாந்து கலக்கும் வேலை பார்த்தார். ஒரே மழைக்காலத்தில் தளம் பொருக்குப் பொருக்காக உரிந்தது. வீட்டுக்காரர் கேட்டபோது மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவந்தான் கலந்தான்" என்று பக்கிரியைக் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. பஞ்சாலையில் பொதி சுமந்தார். ஒருநாள் அந்த வீட்டு வழியாகப் போனபோது, வாசலில் வாரிக் கொட்டியிருந்த பொருக்கு ஒன்றை எடுத்தவர், ஏனென்று தெரியாமல் நாக்கில் வைத்தார். கரித்தது. வண்டிக்காரன் கடல்மணலைக் கலந்திருக்கிறான். யாரிடம் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து நாக்கைத் தவிர அவர் யாரையும் நம்பவில்லை.

1954-இல் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது அவருக்கு நாற்பது வயது. கப்பலேறிப் போன பிரெஞ்சுக்காரர்களின் வீடுகளுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் பார்த்துக் கவலைப்பட்டது வீட்டுக்கு நடுவிலும் பின்னாலும் இருந்த சிமெண்டு முற்றங்களைத்தான். இருபது, இருபத்தைந்து வருடத் தளங்கள். மாசியிலிருந்து ஆவணி வரை வெயில் அவற்றை வறுக்கும். ஐப்பசியில் மழை வந்து விரிசலுக்குள் இறங்கும். வருடம் முழுக்க உப்புக்காற்று. மேலே பார்த்தால் முழுசாக இருக்கும் தளம் கீழே விட்டுப்போயிருக்கும்.

எங்கே விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் பக்கிரிக்கு ஈடு இல்லை. ஒரு முழக் கம்பியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஒரு மூலையில் குந்தி, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே நகர்வார். பிடிப்புள்ள இடம் கணீரென்னும். விட்டுப்போன இடம் காலிப் பானையைத் தட்டியதுபோல் பொக்கென்னும். அந்த இடத்தைக் கரித்துண்டால் வளைத்துவிடுவார். ஒரு முற்றத்தைத் தட்டி முடிக்க அரைநாள் ஆகும். அதுவரை யார் பேசினாலும் பதில் வராது.

1958 மாசியில் உப்பளம் பகுதியில் தெய்வசிகாமணி வீட்டு முற்றத்தை அப்படித் தட்டி முடித்து எழுந்தார்.

தெய்வசிகாமணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்து, பென்ஷன் வாங்கி வந்தவர். அந்தத் தெருவில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். நேரில் கூப்பிடும்போது முசியே, ஐயா என்பதுபோல. சாமான் அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் தொங்கும். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து பிரம்பு நாற்காலியை முற்றத்து ஓரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொத்தனார் வண்டிக்காரனைச் சந்தேகப்பட்டார். முசியே கொத்தனாரைச் சந்தேகப்பட்டார்.

"இன்னா சொல்லுது உன் கம்பி?"

"முக்காவாசி பொக்கு, முசியே. மேல் பூச்சு முழுக்க எடுத்துடணும். ஒட்டுப் போட்டா நிக்காது."

"நிக்காதா, உனக்கு வேலை பத்தாதா?"

"நீங்களே தட்டிப் பாருங்க" என்று கம்பியை நீட்டினார் பக்கிரி. தெய்வசிகாமணி வாங்கித் தட்டினார். மூன்று இடத்தில் தட்டியபின் திருப்பிக் கொடுத்தார்.

சிமெண்டுக்குச் சர்க்காரிடம் எழுதிப்போட்டுவிட்டுப் பர்மிட்டுக்குக் காத்திருந்த காலம் அது. மூன்று மாதம் அலைந்து வாங்கிய மூட்டைகள் சாமான் அறையில் பூட்டிக் கிடந்தன. தினமும் காலையில் அன்றைக்கு வேண்டியதை அவரே எடுத்துக் கொடுப்பார். பர்மிட் சிமெண்டைக் கொத்தனார்கள் பாதி விற்றுவிடுகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. அப்படி ஒரு பேச்சு ஒட்டிக்கொண்ட கொத்தனாரை அதற்குப் பிறகு யாரும் தங்கள் வாசலில் ஏற்றமாட்டார்கள். பக்கிரிக்கு இது தெரியும். ஆகவே காலி மூட்டையைக்கூட உதறி மடித்து முசியேயிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவருடன் சித்தாளாக வந்தவள் அஞ்சலாட்சி. சேதராப்பட்டில் விவசாயம் பார்த்த குடும்பம். முத்தியால்பேட்டைக்கு வந்து ஒன்பது வருடமாகப் பக்கிரியிடம் மட்டுமே சட்டி தூக்கினாள். புருஷன் இல்லை. தாயாருக்கும் அவளுக்கும் அந்தச் சட்டிதான் சோறு. அவளையும் பக்கிரி நம்பினார் என்று சொல்லமுடியாது. அவள் கொண்டுவரும் முதல் குடத்துத் தண்ணீரையும் குடித்துப் பார்ப்பார். அவள் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க மேஸ்திரி பொண்டாட்டி வச்ச கொழம்பக்கூட ரெண்டு தடவ நக்குவாரு" என்று மற்றச் சித்தாள்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்தார்கள். ஓரங்களைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டினார் பக்கிரி. ஓரம் மெலிந்தால் வெயிலில் முதலில் அதுதான் தூக்கும். தென்னைநார்த் தூரிகையால் தூசி போகத் தேய்த்து, ஒருநாள் முழுக்க ஊறவிட்டு, நின்ற தண்ணீரை ஒற்றியெடுத்து, சிமெண்டுப் பாலைத் தடவி, அது உலரும் முன்பே சாந்தைப் போட்டார். முற்றத்தைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்திருந்தார். வெயிலில் தளம் நீண்டால் கட்டத்தின் கோட்டோடு நிற்கும், கண்ட இடத்தில் வெடிக்காது. மேலே கீற்றுப்பந்தல். சாந்தின் ஈர மினுமினுப்பு அடங்கிய பிறகுதான் தேய்ப்புக்கட்டையைத் தொட்டார். பளபளப்புக்காக மேலே சிமெண்டுத் தூள் தூவுவது அவர் வழக்கம் அல்ல.

இனி பத்து நாள் தளம் காயக்கூடாது. ஈரச்சாக்கு போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். பக்கிரியின் பழைய சாக்குகள் அந்த வருடம் நைந்துபோயிருந்தன. தெய்வசிகாமணி தன் சாமான் அறையிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து போட்டார். பக்கிரி ஒன்றை எடுத்து நக்கினார். இனித்தது. வெல்லம் கட்டிய சாக்கு.

"இது வேணாம், முசியே. இனிப்பு எறங்கினா சிமெண்டு எறுகாது."

"என் சாக்கயும் நக்கிட்டியா?"

மறுநாள் காலையில் பக்கிரி தன் வீட்டிலிருந்தே கைவண்டியில் சாக்குகளைக் கொண்டுவந்தார். மனைவி செல்வாம்பாள் அலசி வைத்தவை. அவள் தம்பி கோவிந்தராசு மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அவனிடம் வாங்கிய சாக்குகள். விரித்து நனைத்ததும் பக்கிரிக்கு மனம் நிறைந்துவிட்டது. மற்றச் சாக்குகள் உச்சிவெயிலில் மொரமொரவென்று காய்ந்துவிடும். இவை மத்தியானத்திலும் தொட்டால் குளிர்ந்து ஈரமாக இருந்தன.

மூன்றாம் நாள் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்த அஞ்சலாட்சி கையை உதறினாள்.

"மேஸ்திரி, இந்தச் சாக்கப் பிழிஞ்சா கை எரியுது."

"சிமெண்டுல கை வச்சா எரியாம மணக்குமா?"

"சிமெண்டு எரிச்சல் எனக்குத் தெரியாதா? இது வேற மாரி எரியுது. வெடிப்புல போய் சுருக்குங்குது."

"எண்ணெ தடவிக்க. உச்சி வெயில்லயும் காயாத சாக்கு. இந்த மாதிரி சாக்கு எந்தக் கொத்தனாரு வச்சிருக்கான், சொல்லு."

அவள் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நனைத்தாள்.

ஐந்தாம் நாள் உறவில் ஒரு சாவு. பக்கிரி அரைநாள் வேலையை அஞ்சலாட்சியிடம் விட்டுவிட்டுப் போனார். முசியேயும் அன்று பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். வீட்டுக் கொல்லையில் பத்தடித் தூரத்தில் கிணறு இருந்தது. அதன் தண்ணீர் உவர்ப்பு. நல்ல தண்ணீருக்கு இரண்டு தெரு தள்ளிக் குழாயடிக்குப் போகவேண்டும். போகும்போது பக்கிரி அவளிடம், "கெணத்துப் பக்கமே போவாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பத்து நாள் முடிந்து சாக்கை எடுத்தபோது தளம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. கோவிந்தராசு வந்து தன் சாக்குகளை வாரிக்கொண்டு போனான்.

இருபத்து மூன்றாம் நாள் தெய்வசிகாமணியிடமிருந்து ஆள் வந்தது. பக்கிரியும் அஞ்சலாட்சியும் போனார்கள். முற்றம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. சில இடங்களில் மேல்பூச்சு அப்பளம்போல் எழும்பியிருந்தது. முசியே கைத்தடி நுனியால் ஒரு பொருக்கைத் தூக்கிக் காட்டினார்.

"இது இன்னா பக்கிரி, கோலமா?"

பக்கிரி குனிந்து பார்த்தார்.

"பர்மிட் சிமெண்டு. ஒவ்வொரு மூட்டையா என் கையால எடுத்துக் கொடுத்தேன். உள்ள போட்டிருந்தா ஏன் உதிருது? எந்தத் தெருவுல கொண்டு போய் வித்த?"

பக்கிரி பொருக்கை நாக்கில் வைத்தார். ஒருவரும் கூப்பிடாத அந்த இரண்டு வருடங்கள் அந்தக் கரிப்பில் இருந்தன. சிமெண்டு குறையவில்லை. இது உப்பு. ஆனால் மணலை வண்டி வண்டியாகப் பார்த்தாயிற்று. குவியலின் கோடு ஒருநாளும் கலையவில்லை. தண்ணீரை முதல் குடத்திலேயே பார்த்தாயிற்று, அந்த ஒரு அரைநாளைத் தவிர. அவர் நிமிர்ந்து அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

"நான் சாவுக்குப் போன அன்னிக்கி எந்தத் தண்ணி ஊத்தின?"

"கொழாத் தண்ணி."

"ரெண்டு தெரு போய் எடுத்தாந்தியா?"

"பின்ன, கொழா இங்க நடந்தா வரும்?"

"சத்தியமா சொல்லு."

"ஒம்போது வருசத்துல ஒரு நாளும் கேக்காத சத்தியத்த இன்னிக்கி அவரு முன்னால கேக்கற" என்றாள். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். சத்தியம் செய்யவில்லை.

செய்யாததே பக்கிரிக்குச் சாட்சியாகிவிட்டது. "தண்ணிய மாத்திட்டா, முசியே. அவதான்" என்றார். சொன்ன வாக்கியம் தனக்குப் பழக்கமானது என்று அவருக்கு அப்போது படவில்லை.

கொத்தனார்களும் சித்தாள்களும் காலையில் கூடும் இடம் மார்க்கெட் வாசல். மறுநாள் அங்கே முருகையன் என்ற கொத்தனார், "இன்னா பக்கிரி, உப்பளத்துத் தளம் பூத்துப்போச்சாமே" என்று கேட்டபோது பக்கிரி அதே பதிலைச் சொன்னார். நாலைந்து நாளில் அந்தப் பதில் வளர்ந்துவிட்டது. உவர்த்தண்ணி ஊற்றிய அஞ்சலாட்சி, சிமெண்டைச் சேலையில் முடிந்து கொண்டுபோன அஞ்சலாட்சி ஆனாள். தினமும் காலையில் வந்து நின்றாள். எல்லாச் சித்தாள்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனபின் கடைசியாக அவளும் திரும்பிப் போனாள். எட்டாம் நாளிலிருந்து வரவில்லை. சேதராப்பட்டில் நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தெய்வசிகாமணியிடம் மூன்று மூட்டை சிமெண்டு மிச்சம் இருந்தது. "நாலு கட்டம் போட்டுக் காட்டு. நின்னா மிச்சத்துக்குப் பர்மிட் எழுதிப்போடறேன். நிக்கலன்னா கொத்தனாருங்க நிக்கிற எடத்துல வந்து நானே உன் பேரச் சொல்றேன்" என்றார்.

வைகாசி வெயிலில் பக்கிரி அந்த நான்கு கட்டங்களையும் ஒற்றை ஆளாகப் போட்டார். தண்ணீரைத் தானே சுமந்தார். ஒவ்வொரு குடத்தையும் குடித்துப் பார்த்தார். கிணற்றின் ராட்டினக் கயிற்றையே கழற்றி முசியேயிடம் கொடுத்துவிட்டார். சாக்குக்கு மறுபடி கோவிந்தராசுவிடம் போனார். அவன் பன்னிரண்டுதான் கொடுத்தான். அது மூன்று கட்டத்துக்குச் சரியாக இருந்தது. நான்காவது கட்டத்துக்கு ஒரு கட்டு வைக்கோல் வாங்கி நனைத்துப் பரப்பினார். வைக்கோல் சீக்கிரம் காய்ந்தது. அதற்கு மட்டும் ஒரு மணிக்கு ஒருதரம் ஊற்றவேண்டியிருந்தது. நான்காவது கட்டம்தான் கெட்டுப்போகும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துச் சாக்கை எடுத்த பிறகும் தினமும் காலையில் போய்ப் பார்த்தார். பதினெட்டாம் நாள் மூன்று கட்டங்களில் வெள்ளை எட்டிப்பார்த்தது. நான்காவது கட்டம் சாம்பல் நிறமாகவே இருந்தது.

முசியே உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கிரி குந்தி உட்கார்ந்தார். அதே மணல். அதே சிமெண்டு. தான் சுமந்த அதே தண்ணீர். மூன்றாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் நடுவே கோட்டைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு வெள்ளை வந்திருந்தது. அந்த ஒரு சாண் வெள்ளை நேர்க்கோடாக முடிந்தது, கத்தியால் வெட்டியதுபோல. தண்ணீர் இப்படி நேர்க்கோட்டில் நிற்காது. கடைசிச் சாக்கு கட்டத்தைத் தாண்டி ஒரு சாண் நான்காவதன்மேல் மடிந்து கிடந்தது அவர் நினைவுக்கு வந்தது.

மூலையில் மடித்து வைத்திருந்த சாக்குகளில் ஒன்றை எடுத்தார். மழையில்லாத வைகாசியில், எட்டு நாளாகச் சும்மா கிடந்த சாக்கு பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. தையலோரத்தை நாக்கில் வைத்தார்.

கரித்தது. துப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வாம்பாளைக் கேட்டார். "உன் தம்பி சாக்கு எந்த மூட்டைச் சாக்கு?"

"மரக்காணத்து உப்பு மூட்டதான். அவன் வேற இன்னாத்த ஏத்தறான்? நல்லாத்தான் அலசினேன்."

"அலசினா போயிடுமா?"

"காயவே மாட்டேங்குதுன்னு நான் அன்னிக்கே சொல்லல? நீதான் காயாத சாக்குன்னு ஊரெல்லாம் பீத்திக்கின."

அடுத்தவர் கொடுத்த சாக்கை நக்கிப் பார்த்தவர் தன் வீட்டுச் சாக்கை நக்கவில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது கடலோரத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஈரத்தைத்தான் அவர் சாக்கின் குணம் என்று நினைத்திருந்தார்.

மறுநாள் தெய்வசிகாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கதைய யாரக் காப்பாத்த சொல்ற? அவ உன் ஆளு. அன்னிக்கி அவ திருடி. இன்னிக்கி சாக்கு திருடியா?"

"நீங்களே நக்கிப் பாருங்க, முசியே."

முசியே விரலைச் சாக்கில் தேய்த்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. "ராத்திரி நீ இதுல உப்பக் கரைச்சு ஊத்தலன்னு இன்னா நிச்சயம்?"

பக்கிரி ஒரு சாக்கை எடுத்து வெள்ளையின்மேல் விரித்தார். அடுத்ததை அதன் பக்கத்தில் விரித்தார். கடைசிச் சாக்கின் விளிம்பு அந்த நேர்க்கோட்டில் வந்து உட்கார்ந்தது. "இந்தக் கோட்டயும் நான்தான் போட்டேங்கிறீங்களா?" தெய்வசிகாமணி கைத்தடியால் சாக்கை அளந்தார். வெள்ளையை அளந்தார். வைக்கோல் கிடந்த கட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு பக்கிரி சேதராப்பட்டுக்குப் போனார். கடலைக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்களோடு அஞ்சலாட்சி செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிமிரவில்லை. அவர் வரப்பில் நின்றபடியே சாக்கின் கதையைச் சொன்னார்.

"கை எரியுதுன்னு நீ அன்னிக்கே சொன்ன" என்று முடித்தார்.

"சொன்னேன். நீ எண்ணெ தடவச் சொன்ன."

"தப்பு என்னுது."

அவள் செடியை உதறி மண்ணைத் தட்டினாள். "இத இங்க வந்து மல்லாட்டச் செடிக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது? மார்க்கெட் வாசல்ல சொன்னத மார்க்கெட் வாசல்ல சொல்லு."

"அங்க சொன்னா என்னய எவன் கூப்பிடுவான்?"

"என்னய எவன் கூப்பிட்டான்?"

கூட இருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். பக்கிரி அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார். வழியெல்லாம் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு போனார்: சொல்லாவிட்டால் இனிப் போடும் தளத்தோடு தன் பெயரும் நிற்கும். தெய்வசிகாமணி வெளியே சொல்லமாட்டார். கெட்ட பெயர் ஏற்கெனவே அஞ்சலாட்சியின் தலையில் விழுந்துவிட்டது. பஞ்சாலைப் பொதியின் பாரம் அவர் பிடரிக்கு இன்னும் நினைவிருந்தது.

மறுநாள் காலையில் மார்க்கெட் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. அஞ்சலாட்சியும் வந்திருந்தாள். வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் சொல்வாரா மாட்டாரா என்று பார்க்க வந்தவள்போல், பூக்கடை ஓரமாகத் தனியாக நின்றாள். பக்கிரி அக்குளில் இடுக்கியிருந்த சாக்கை எடுத்துத் தரையில் விரித்தார்.

"இன்னா பக்கிரி, இன்னிக்கி எத நக்கப் போற?" என்றார் முருகையன்.

"நான் நக்கிட்டேன். நீங்க நக்குங்க."

சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னார். உப்பளத்துத் தளம் பூத்தது அஞ்சலாட்சி ஊற்றிய தண்ணீரால் அல்ல. தான் கொண்டுபோன உப்பு மூட்டைச் சாக்கால். அவள் கை எரிகிறது என்று சொன்னாள், தான் கேட்கவில்லை. நல்ல தண்ணீர்தான் ஊற்றினாள். சிமெண்டை யாரும் தொடவில்லை. இவ்வளவையும் சாந்து போடும் வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் சொன்னார்.

கன்னியப்பன் என்ற வயதான கொத்தனார் குனிந்து சாக்கைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்புதான்" என்றார்.

"சாக்கு உப்புதான். ரெண்டு பேரும் சேந்துக்கினு ஆடற ஆட்டமா இருந்தா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று பக்கிரி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை அவரே ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார்.

"ஆட்டமா இருந்தா தன் தலையில மண்ணப் போட்டுக்குவானா?" என்றார் முருகையன். பிறகு பூக்கடைப் பக்கம் பார்த்து, "ஏ அஞ்சல, முத்தியால்பேட்டையில ஒரு சுவரு பூசணும். வர்றியா?" என்று கேட்டார்.

அவள் சும்மாட்டுத் துணியை எடுத்துச் சுற்றினாள். பக்கிரி அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "உப்பளத்துல பதினோரு கட்டம் பாக்கி கெடக்குது. பர்மிட் வந்ததும்…" என்று ஆரம்பித்தார்.

"உன் தளம், உன் சாக்கு. நீயே பாத்துக்க" என்றாள். முருகையன் பின்னால் நடந்தாள்.

அன்று பக்கிரியை யாரும் கூப்பிடவில்லை. அந்த மாதமே கூப்பிடவில்லை. ஆடியில் பர்மிட் வந்தபோது தெய்வசிகாமணி மட்டும் ஆள் அனுப்பினார். பூத்த கட்டங்களைப் பக்கிரி மறுபடி கொத்தி எடுத்துப் போட்டார். கன்னியம்மாள் என்ற புதிய சித்தாள் வந்தாள். வைக்கோலைக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு தாளை மென்று பார்த்த பிறகுதான் பரப்பினார். "மாடு இன்னா சொல்லுது?" என்று நாற்காலியிலிருந்து கேட்டார் முசியே. "மாட்டுக்கு வெல்லச் சாக்குதான் பிடிக்குமாம், முசியே" என்றார் பக்கிரி. பத்து நாளும் இருவரும் முற்றத்தைவிட்டு நகரவில்லை.

ஐப்பசி மழை அந்த வருடம் பதினோரு நாள் விடாமல் பெய்தது. கார்த்திகையில் வெயில் வந்தபிறகு பக்கிரி தளத்தைத் தட்டிப் பார்க்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டு மதில் இடிந்து, முருகையன் ஆட்கள் அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலாட்சி கையைக் கழுவிக்கொண்டு இந்த வீட்டுப் பின்கதவு வழியாக வந்து நின்றாள். தெய்வசிகாமணி நாற்காலியில் கண் அயர்ந்திருந்தார்.

அவள் பக்கிரியைக் கடந்து போனாள். முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். விரலை எச்சிலில் நனைத்துத் தளத்தில் அழுத்தித் தேய்த்தாள். இன்னொரு கட்டத்துக்குப் போனாள். அங்கேயும் தேய்த்தாள். கிணற்றோரம் இருந்த கட்டத்தையும் விடவில்லை. பிறகு விரலை நாக்கில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள், அவர் நிற்பதுபோலவே.

பக்கிரி கம்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"உப்பில்ல" என்றாள். புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு மதில் வேலைக்குத் திரும்பிப் போனாள்.